முப்பது நிமிடம் கடல் பார்த்தவன்

ஷாஹிதா அம்மிணி என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம்தான்.

"அண்ணா, கடலோர ட்ரிப்புல வேன் எங்கெங்க நிக்கோணும், எத்தன நிமிஷம் நிக்கோணும், ஏன் நிக்கோணும், அத மட்டும் எழுதிக் குடுங்க. லேமினேட் பண்ணிப் புது டிரைவருங்க கையில ஆளுக்கு ஒண்ணு குடுத்துடலாம்" என்று சொல்லி, கட்டம் போட்ட தாள் ஒன்றை நீட்டினார். நான்கு கட்டங்கள்: இடம், வண்டி நிறுத்துமிடம், நேரம், காரணம்.

காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸை இப்போது நடத்துவது ஷாஹிதாதான். என்னை வேலைக்கு வைத்த கமால் பாயின் மருமகள். பாய் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. நான் வேன் ஓட்டுவதை விட்டு ஒரு வருடம். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கண் பரிசோதனையில் எல்லா எழுத்தையும் கடகடவென்று படித்துக் காட்டினேன். கிளட்சை மிதிக்கும் முழங்கால்தான் போதும் சாமி என்று சொல்லிவிட்டது.

முதல் இரண்டு கட்டங்களை ஒரே காலையில் நிரப்பிவிட்டேன். மணப்பாடு: மணல்மேட்டின் மேலே தேவாலயம் இருக்கிறது என்று வண்டியை மேலே ஏற்றாதே, சக்கரம் புதைந்துவிடும், கீழே தெருவிலேயே நிறுத்து. தனுஷ்கோடி: வண்டியின் மூக்கை ஊர்ப் பக்கம் திருப்பி நிறுத்து, காற்றில் மணல் இன்ஜினுக்குள் போகும். முட்டம்: லைட்ஹவுஸுக்கு ஏறும் முன்னாலேயே எல்லாரையும் டாய்லெட் போய்வரச் சொல், மேலே போய்ச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். இப்படி எழுதிக்கொண்டே போன பேனா, நேரம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

ஏனென்றால், தாளைக் கொடுத்த கையோடு ஷாஹிதா இன்னொன்றும் கேட்டிருந்தார்.

"மத்த வண்டியெல்லாம் போனதும் கதவத் தொறந்து உட்டர்றாங்க. நம்ம வண்டில மட்டும் ஆளுகள அரை மணி நேரம் உள்ள உக்கார வச்சுட்டு, டிரைவர் போயிக் கடலப் பாத்துக்கிட்டு நிக்கறாருன்னு கஸ்டமருங்க திட்டறாங்க அண்ணா. பதினஞ்சு ஆக்கிடலாமா? மாமா ஏன் முப்பது வச்சாருன்னு இப்ப இருக்கற டிரைவருங்க யாருக்கும் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்றாங்க."

எனக்குத்தான் தெரியும். அதுதான் சிக்கல்.

*

நான் கொல்லிமலைக்காரன். அப்பாவுக்குக் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் சாமை, மரவள்ளி. எனக்கு மண்வெட்டியைவிட ஸ்டியரிங் மேல் ஆசை. கிழங்கு ஏற்றி இறங்கும் லாரியில் தொற்றிக்கொண்டு தொழில் கற்றேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுக்காமல், பிரேக் சூடாகாமல் இறங்கத் தெரிந்தவனுக்கு அந்தக் காலத்தில் அடிவாரத்தில் நல்ல மரியாதை. அப்படித்தான் கமால் பாய் என்னைக் கூப்பிட்டார். பதினெட்டு சீட் வேன். மலைக்கு ஆள் ஏற்றி இறக்குவதுதான் வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். முதல் வாரமே என்னைக் கடலுக்கு அனுப்பினார்.

கடற்கரை ரோடு எனக்குச் சுத்தமாக ஒத்துவரவில்லை. அது நேராகப் போகிறது. வளைவே இல்லாத ரோட்டில் எனக்குத் தூக்கம் சொக்கும். வாயில் மிளகைப் போட்டுக் கடித்துக்கொண்டுதான் ஓட்டுவேன். ராமேஸ்வரத்தில் தொடங்கித் தேங்காய்ப்பட்டினம் வரைக்கும் ஒரு பை மிளகு தீரும்.

பாய் வேன் வாங்குவதற்கு முன்னால் கருவாட்டு வியாபாரி. குளச்சல் பக்கம் போய்க் கருவாடு எடுத்து வந்து பேளுக்குறிச்சிச் சந்தையில் விற்றவர். வள்ளம் வரும் வரை கரையில் காத்துக் கிடந்த வருடங்களில் அவர் மீனைவிடக் கடலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார். நீச்சல் தெரியாது. கணுக்காலுக்கு மேல் கடல் தண்ணீரில் நனைந்தவரும் இல்லை. புதிய டிரைவருக்கு முதல் ட்ரிப்பில் அவரே கூட வருவார். ஒரு குடை, ஒரு பிளாஸ்க், மடக்கு ஸ்டூல் ஒன்று. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. எல்லாருமே அவருக்குக் "கண்ணு"தான். கோபம் வந்தால் அந்தக் கண்ணு இன்னும் மெதுவாக வரும்.

அவர் வைத்திருந்த முறை இது. வேன் நின்றதும் யாரும் இறங்கக் கூடாது. பாய் வீட்டம்மா கட்டிக் கொடுத்த பொரி கடலையை உள்ளே எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, டிரைவர் மட்டும் இறங்கிப் பாறைப் பக்கம் போக வேண்டும். அலை தொடாத கல் ஒன்றைக் குறிவைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து நிமிடம் அந்தக் கல்லையே பார்க்க வேண்டும். நடுவில் அலை தொட்டுவிட்டால் அதற்கு மேலே இருக்கும் வேறு கல்; மறுபடியும் முதலிலிருந்து பதினைந்து நிமிடம். தொடவில்லை என்றால் அந்தக் கல்லிலிருந்து பத்து எட்டு பின்னால் வந்து, சிவப்புத் துண்டு ஒன்றை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் கதவு திறக்கும். துண்டைத் தாண்டி ஒருவரும் போகக் கூடாது. கடலுக்கு முதுகு காட்டிப் போட்டோ எடுக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியால் வந்த வம்பு கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் வேனில் கடல் பார்க்கப் போனவர்கள் ஊட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். கடல் இருக்கும். பாறை இருக்கும். மனிதர்களுக்கு வெறும் பின்னந்தலைதான் இருக்கும்.

முதல் தடவை அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "கடல் என்ன ஓடியா போயிரும் பாய்?" என்று கேட்டேன்.

"அது ஓடாது கண்ணு. ஓட வேண்டியது நாமதான். அதுக்கு நேரம் குடுக்குமான்னு பாக்கறேன்" என்றார், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்னொரு முறை, ஒரு வளைகுடாவிலிருந்து அடுத்ததற்குப் பாறை மேலேயே நடந்து போகும் வழியில் ஒரு கூட்டத்தைக் கூட்டிப் போனோம். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் மட்டும் நடக்க முடிகிற வழி. ஒரு பக்கம் செம்மண் சரிவு, ஒரு பக்கம் அலை. நடப்பவர்களுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும், ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். அதில் ஒருவர், நல்ல தாட்டியான ஆள், துண்டைத் தாண்டிப் பாறை நுனிக்குப் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டால் வரவில்லை. பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டூலைத் தூக்கிப் போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க வர்ற வரைக்கும் நானும் இங்கதானுங்க. எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றார்.

அந்த ஆள் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பாயின் ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். எனக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும்.

*

என் மனைவி நல்லாயி அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எருமை, மிளகுக்கொடி, பிள்ளைகள், ஒன்று மாற்றி ஒன்று. ஊரையே நான் கடலுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். அவள் மட்டும் வாசலில் நின்று வண்டியை அனுப்பிவைப்பாள். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு ஒரு சித்திரையில் எங்கள் ஊர்க்காரர்களே சேர்ந்து வேன் கேட்டார்கள். அவளும் வாரேன் என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இருபது வருடத்துக்கு முந்திய கதை இது. பாய் வரவில்லை. என்னை நம்பி அனுப்பினார்.

எழுபது வளைவிலும் தலை சுற்றாத நல்லாயிக்கு நேர் ரோட்டில் குமட்டியது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். பின் சீட்டில் வழிக்கு என்று ஏற்றிய பலாப்பழம் வேறு பழுத்து மணத்தது. திருச்செந்தூர் பக்கம் கடல் முதலில் தெரிந்தபோது தலையை நிமிர்த்தி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, இது எந்தப் பக்கமுங்க எறங்கிப் போவுது?" என்றாள்.

எங்கள் மலையில் எந்தத் தண்ணீரும் எங்காவது இறங்கித்தான் போகும். இவ்வளவு தண்ணீர் இறங்காமல் ஒரே இடத்தில் நிற்கும் என்பது அவளுக்கு நம்பும்படியாக இல்லை. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கெட்டிக்காரன் மாதிரி, "எங்கயும் எறங்காது, வந்து வந்து போவும்" என்று சொல்லி வைத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் முட்டத்தைத் தாண்டி ஒரு சின்ன வளைகுடாவில் நிறுத்தினேன். அதன் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே யாராவது ரீல்ஸ் எடுக்கப் போய்விடுவார்கள். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் கைப்பிடியளவு மணல். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது.

நான் வழக்கம்போல் இறங்கிப் போய்க் கல்லைக் குறிவைத்தேன். வாட்சைப் பார்த்தேன். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் நல்லாயி முகம். காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. "எறங்கலாமுங்களா?" என்று அங்கிருந்தே கையால் கேட்டாள்.

மறுபடி வாட்சைப் பார்த்தேன். நாலு நிமிடம் ஆகியிருந்தது.

அந்த நேரத்தில்தான் நான் மலைக்காரன் புத்தியால் யோசித்தேன். எங்கள் அருவிப் பாறையில் ஒரு கணக்கு உண்டு. பாசி பிடித்துப் பச்சையாக, கறுப்பாக இருந்தால் அது தண்ணீரின் இடம். வெளுத்துக் காய்ந்திருந்தால் அது நம் இடம். அந்தக் கணக்கு ஒரு நாளும் பொய்த்ததில்லை. இங்கே கீழ்ப்பாறை கறுப்பாக இருந்தது. மேல்பாறை நல்ல வெள்ளை, சுண்ணாம்பு அடித்த மாதிரி. இதற்கு மேல் என்ன பார்ப்பது? வெள்ளைப் பாறையின் கீழ் ஓரத்திலேயே துண்டை விரித்தேன். அவ்வளவு கீழே விரித்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் புதிய தண்ணீரைக் கண்டால் ஒரு கைப்பிடி சாமை போடாமல் காலை நனைக்க மாட்டார்கள். நல்லாயி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்துவிட்டேன். மற்றவர்கள் மணலில் இறங்கி நின்றார்கள். நல்லாயி முடிச்சை அவிழ்த்துச் சாமையைக் கையில் எடுத்துக்கொண்டு துண்டின் ஓரத்தில் போய் நின்றாள். முகத்தில் வெயில் விழுந்தது. கல்யாணத்தில்கூட அப்படிச் சிரித்தவள் இல்லை. வண்டியில் வந்த ஒருவரின் கேமரா என் கையில் இருந்தது.

"திரும்பு புள்ள, மூஞ்சி தெரியட்டும்" என்றேன்.

அவள் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

அலை உயரமாகக்கூட வரவில்லை. பாறை மேல் ஏறி வந்துகொண்டே இருந்தது, நிற்கவில்லை, அவ்வளவுதான். என்னை இடுப்பில் தள்ளி மணலில் உருட்டியது. எழுந்து பார்த்தால் துண்டு இல்லை, கேமரா இல்லை, நல்லாயி இல்லை. கீழே இரண்டு பாறைக்கு நடுவில் ஒரு பிளவு. அதில் சிக்கி, ஒரு முண்டுக் கல்லை ஒரே கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடினேன். பின்னாலிருந்து ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளி, என் மேலேயே முட்டியைப் போட்டு அழுத்தினார். மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர். சூசை என்று பெயர் பிறகுதான் தெரியும்.

"இப்ப எறங்கப்பிடாது! இது கள்ளக்கடலு. இன்னும் வரும். நீரும் போனா ரெண்டு பேரையும் நான் எடுக்க முடியாது. அலைய எண்ணும்!"

எங்கோ தூரத்துக் காற்றில் கிளம்பி, வெயிலடிக்கும் சாதுவான நாளில் சொல்லாமல் வந்து ஏறும் அலையை அந்தப் பக்கத்தில் கள்ளக்கடல் என்கிறார்கள். நான் எண்ணினேன். பாய் பதினைந்து நிமிடம் நின்று பார்க்கச் சொன்ன அதே அலைகளை, மணலில் அழுந்திக் கிடந்து, அழுதுகொண்டே எண்ணினேன். ஒன்று அவள் மேலேயே போனது. தலை தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏன் வரவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்று வரைக்கும் நான் கேட்டதில்லை. இன்னொன்று போனது. அதற்குப் பிறகு கடல் மூச்சை இழுத்த மாதிரி பின்வாங்கியது.

"இப்ப வாரும்!" என்று சூசை என் மேலிருந்து எழுந்தார். வலைக்கயிற்றை என் இடுப்பில் சுற்றி, இன்னொரு முனையை ஊர்க்காரர்கள் கையில் கொடுத்துவிட்டு, அவரும் நானும் இறங்கி அவளைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தோம். அடுத்தது வந்து பிளவை நிரப்பியபோது நாங்கள் ரோட்டோரத்தில் இருந்தோம்.

இடது கை மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்திருந்தது. அந்த ஒடிந்த கையால்தான் கல்லைப் பிடித்திருந்தாள். வலது கையை மூடியே வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தால் சாமை.

"இன்னும் போடலீங்க" என்றாள்.

சூசை அவள் கையிலிருந்து சாமையை வாங்கிக்கொண்டார். "நான் போட்டுருதேன் தாயி, நீ ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அவ்வளவு கீழ ஏன் நிப்பாட்டினீரு?" என்று கேட்டார்.

"வெள்ளையா இருந்துச்சுங்க. காஞ்ச பாறைன்னு நெனச்சேன்."

அவர் பாறையில் விரலைத் தேய்த்து என் வாயருகே நீட்டினார். "நக்கிப் பாரும்."

உப்பு. கடல் வந்து, நின்று, காய்ந்து போன இடம் அது.

*

பாய் மறுநாள் முற்பகல் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். குடை, பிளாஸ்க். நல்லாயி மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்தாள். பாய் முதலில் பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி அவளுக்குக் கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும் மூடியை வாங்கித் திருகி மூடினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எத்தன நிமிஷம் பாத்த, கண்ணு?"

ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"பதினஞ்சுங்க பாய்" என்றேன்.

ஏன் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், அவர் முகத்தில் நம்பிக்கை போவதைப் பார்க்க வேண்டுமே என்பது. நல்லாயி மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் மருந்துச் சீட்டை நீட்டினார். தப்பித்தோம் என்று அதை வாங்கிக்கொண்டு கீழே போனேன். மருந்துக்கடையில் கூட்டம். நான் திரும்பி வந்தபோது பாய் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு பத்தல கண்ணு. இனிமே முப்பது" என்றார்.

அதோடு விட்டாரா? ஊருக்கு வந்ததும் எல்லா டிரைவர்களையும் கூட்டி வைத்து, "நம்ம பொன்னுசாமி பதினஞ்சு நிமிஷம் முழுசா பாத்தே இப்படி ஆயிப்போச்சு. யாரும் அசால்ட்டா இருக்காதீங்க" என்று சொன்னார். டிரைவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஒருவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. கடல் மேல் பழி விழுந்தது; நான் நல்ல டிரைவர் ஆகிவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வண்டிகளுக்கு முப்பது நிமிடம். திட்டு வாங்காத ட்ரிப் இல்லை. மற்ற டிரைவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் முப்பதும் நின்றேன். ஒரு நிமிடம் குறைத்ததில்லை. மழையில் நின்றிருக்கிறேன், காய்ச்சலோடு நின்றிருக்கிறேன். பாறையைக் கண்டால் முதலில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். வண்டிக்குள் இருப்பவர்கள் டிரைவருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று பேசிக்கொள்வது காதில் விழும். அந்த அரை மணி நேரத்தில் கடலை எத்தனை விதமாகப் பார்த்திருக்கிறேன் என்று தனியாக எழுதலாம். ஆனால் எந்தக் கடலிலும் எனக்குத் தெரிந்தது அந்தப் பிளவுதான்.

நல்லாயி அதற்குப் பிறகு கடலுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

*

மூன்று வாரமாகத் தாளை வைத்துக்கொண்டு திண்டாடினேன். முப்பது என்று எழுதினால் பாய் ஊட்டு மருமகளிடமும் அதே பொய்யைச் சொன்னதாகும். உண்மையைச் சொன்னால், பதினைந்தே போதும் என்று ஆகிவிடும். நாளைக்கு எவனாவது அதிலும் நாலு பார்ப்பான். கடைசியில், போன சந்தை நாளில், நல்லாயியையும் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். அவள் பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். ஷாஹிதா அதைத் தட்டில் போட்டு வைத்து, "எழுதிட்டீங்களா அண்ணா?" என்றார்.

நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். நாலு நிமிடம் பார்த்ததை, துண்டைக் கீழே விரித்ததை, பதினைந்து என்று சொன்னதை, அவர் மாமா அதை நம்பி முப்பது ஆக்கியதை. "எம் பொய்யாலதான் அம்மிணி இருவது வருஷமா எல்லாரும் அரை மணி நேரம் வண்டிக்குள்ள வெந்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க" என்றேன்.

நல்லாயி சுளையிலிருந்து கொட்டையைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

"பாய்க்குத் தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நாலு நிமிசம்னு. வண்டில கடியாரத்த நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நீங்க மருந்து வாங்கப் போனீங்கள்ல, அப்பவே நாந்தான் சொன்னேன். நாந்தான் எறங்கோணும்னு அவசரப்படுத்துனேன், அவர வேலைய உட்டு நிறுத்தீராதீங்கன்னு சொன்னேன். அவுரு சிரிச்சாரு. 'பதினஞ்சு சொன்னா நாலு பாக்கறான். முப்பது சொன்னா எட்டாச்சும் பாப்பான்ல தாயி'ன்னாரு. அவங்கிட்டச் சொல்லாதன்னும் சொன்னாரு."

ஷாஹிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "மாமாவேதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. இருபது வருடம் நெஞ்சில் கல்லைச் சுமந்தேன். பக்கத்தில் படுத்திருந்தவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா புள்ள?"

"சொல்லியிருந்தா நீங்க முப்பது நின்னிருப்பீங்களா?"

நின்றிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

"நீங்க நிக்கறீங்களா இல்லையான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நம்ம ஊருப் பொம்பளைங்க கடலுக்குப் போயிட்டு வந்தா நேரா ஏங்கிட்டத்தான் வந்து குறை சொல்லுவாளுங்க. உங்கூட்டுக்காரரு அரை மணி நேரம் உள்ள உக்கார வச்சுட்டாரு, வாட்சப் பாத்துக்கிட்டு சிலையாட்ட நிக்கறாருன்னு திட்டுவாளுங்க. அதக் கேக்கக் கேக்க எனக்கு அத்தன சந்தோசமா இருக்குமுங்க." சுளையை என் கையில் வைத்தாள். "பாய் எட்டுதான் எதிர்பாத்தாரு. நீங்க முப்பதும் நின்னீங்க."

ஆபீஸில் ஆள் வரப்போக இருந்தார்கள். நான் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஷாஹிதா மெதுவாக, "அப்ப எத்தன போடறதுங்க அண்ணா?" என்று கேட்டார். தாளை வாங்கி நேரம் என்ற கட்டத்தில் முப்பது நிமிடம் என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், பாறையில் வெள்ளையாகத் தெரிவது உப்பு என்று எழுதினேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போடவா என்று கேட்டேன். போடுங்க என்றார். "நாலு நிமிடம் மட்டும் பார்த்த பொன்னுசாமி" என்று போட்டேன்.

"லேமினேட் பண்ற தாள்ல இதெல்லாம் வேண்டாங்க அண்ணா" என்றார்.

"இருக்கட்டும் அம்மிணி" என்றேன்.

அந்தத் தாள் வருகிற சித்திரையில் முதல் வண்டியோடு போகிறது. பதினெட்டு சீட்டில் இரண்டு எங்களுக்கு. இந்தத் தடவை வெளியே நிற்கப் போவது வேறு டிரைவர். கதவு திறக்கும் வரை முப்பது நிமிடமும் நான் நல்லாயி பக்கத்தில், வண்டிக்குள்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் இப்போதே சாமையைப் புடைத்து எடுத்து வைத்துவிட்டாள்.